நான் அழித்த நான்கு எழுத்துகள்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரு சந்தேகம் கேட்டார். "மிஸ், பயிற்சித் தாள் போடுற கம்ப்யூட்டர் நிரல்ல ஒரு பட்டியல் இருக்கு. கூடாது, வேண்டாம், இல்லை, முடியாது... இந்தச் சொல்லையெல்லாம் அது அழிக்கவே மாட்டேங்குது. பட்டியல எடுத்துட்டா தாள் இன்னும் கஷ்டமாகும், ஆளுங்க நல்லா யோசிப்பாங்க. எடுத்துடலாமா?"

எடுக்க வேண்டாம், காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்றேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதோடு, வாயால் சொன்னால் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது. அதனால் எழுதுகிறேன். பயிற்சி அதிகாரிகளாகப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தோட்டத்து மருந்தகத்தில், உதவியாளராக. கத்தி வெட்டு, பாம்புக்கடி, செடிக்கு மருந்து அடிக்கும்போது கண்ணில் தெறித்தது என்று வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவேன். பத்து வருஷம் கட்டுப் போட்டபின், காயம் படாமல் இருக்கச் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு என்னை மாற்றினார்கள். கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் காலி வரை எங்கள் நிர்வாகத்தில் இருந்த தோட்டங்களுக்கும் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் நான்தான் பாதுகாப்புப் பயிற்சி அதிகாரி.

அந்த வேலையின் சோகம் உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். நாம் பேசுவோம், ஆட்கள் தலையாட்டுவார்கள். விதிகள் அச்சிட்ட தாளைக் கொடுப்போம், படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் ஒரு விதிகூட நினைவிருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. விடியற்காலையிலிருந்து உடம்பு நோக வேலை செய்தவர்களுக்கு, நான்கு பக்கத் தாள் கண்ணில் வழுக்கிக்கொண்டு போகும்.

அந்தச் சமயத்தில் என் அக்கா மகள் ஓர் எழுத்துருவைக் காட்டினாள். அதில் ஆங்கில எழுத்துகளை ஆங்காங்கே வெட்டி எடுத்திருந்தார்கள். விட்டுப்போன இடத்தை மனம் நிரப்பிக்கொண்டு படிக்க வேண்டும். அப்படித் திணறிப் படித்தால் மனத்தில் தங்கும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். அது அவ்வளவாக உதவவில்லை என்று பின்னால் வேறு சிலர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். என்னை அந்த எண்ணம் பிடித்துக்கொண்டது. தமிழுக்கு அப்படி எழுத்துரு கிடையாது. எழுத்தை வெட்டுவதற்குப் பதில் எழுத்தையே எடுத்துவிட்டுக் கட்டம் போட்டால் என்ன என்று தோன்றியது. வருகைப் பதிவுக்காக நான் கற்றுக்கொண்ட கொஞ்சம் நிரல் எழுதும் அறிவு போதுமானதாக இருந்தது.

முதல் முயற்சி சிரிப்பாய்ப் போனது. கணினிக்கு 'கொ' என்பது ஓர் எழுத்து இல்லை. கொம்பும் காலும் அதற்குத் தனிக் கணக்கு. என் நிரல் எழுத்தை எடுத்துவிட்டுக் கொம்பை விட்டது, புள்ளியை மட்டும் தொங்கவிட்டது. தாள் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி வட்டங்கள். செம்பனைப் பழம் வெட்டுகிற ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, "என்னா மிஸ், எழுத்துக்கெல்லாம் அம்ம போட்டுருச்சா?" என்றார். வகுப்பே சிரித்தது. ஒரு வாரம் உட்கார்ந்து, முழு எழுத்தாக எடுக்கும்படி திருத்தினேன்.

அதன்பிறகு அது வேலை செய்தது. தாளுக்கு ஆட்களே 'ஓட்டைத்தாள்' என்று பெயர் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து ஓடியவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார்கள். பக்கத்தில் பார்த்து எழுதக் கூடாதென்று ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு இடங்களில் ஓட்டை விழும்படி செய்திருந்தேன். மருந்து அடிக்கும் பெண்கள் சாப்பிடும்போதுகூட அதைப் பற்றிப் பேசினார்கள். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தலை கனத்த அந்த நாட்களில் மூன்று மாற்றங்கள் செய்தேன். வரியின் தொடக்கத்தை விட்டுவிட்டு, பின்பாதியில் மட்டும் ஓட்டை விழச் செய்தேன். அப்போதுதான் வரியை முழுதாகப் படிப்பார்கள் என்று நினைத்தேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் கட்டங்களுக்குள் மறைத்தேன். அது தெரிந்தால் சுலபமாக ஊகித்துவிடுவார்கள். மூன்றாவது, திருத்தும் முறை. நிறையத் தாள்கள் இருந்தால் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன். காலிக் கட்டம் இருந்தால் தவறு. நிரம்பியிருந்தால் சரி.

கோலசிலாங்கூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஆலையில் அன்றைக்கு நாற்பத்திரண்டு பேருக்குப் பயிற்சி. கழிவு எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்வது பற்றியது. மூடிய தொட்டி, மேலே ஒரு வாய், உள்ளே இரும்பு ஏணி. அடியில் கிடக்கும் சேற்றைக் கிளறினால் நச்சுவாயு எழும்பும். இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். ஆகவே ஒருவர் உள்ளே இறங்கினால் இன்னொருவர் வாயருகே காவல் நிற்பார். அவருக்கான விதிகளில் தலையானது இது: உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால், காவல் நிற்பவர் அவரைத் தூக்க உள்ளே இறங்கக் கூடாது. வாக்கி டாக்கியில் கூப்பிட வேண்டும், மணியடிக்க வேண்டும். மூச்சுக் காற்று உருளையைச் சுமந்த மீட்புக் குழு வரும்வரை வெளியிலேயே நிற்க வேண்டும். தூக்கப் போனவரும் விழுந்து, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்து, ஒரே தொட்டியில் வரிசையாகச் செத்த கதைகள் எங்கள் தொழிலில் உண்டு.

அந்த நாற்பத்திரண்டு பேரில் சூசை ஒருவர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் கணேசன் இருப்பார். இரண்டு பேரும் பதினைந்து வருஷமாக ஒரே குழுவில் வேலை செய்தவர்கள். தீபாவளிக்குச் சூசை குடும்பம் கணேசன் வீட்டிலும், கிறிஸ்துமஸுக்குக் கணேசன் குடும்பம் சூசை வீட்டிலும் சாப்பிடும். அன்று நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சூசையைக் கொதிகலன் பக்கம் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது நான் தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஒன்று கொடுத்தேன். நான் விதிகளைச் சொன்னதைக் கேட்காதவர் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

வெளியே வேன் காத்திருந்தது. ஜெராமில் அடுத்த வகுப்பு. நாற்பத்திரண்டு தாள்களையும் சாப்பாட்டு நேரத்துக்குள் புரட்டினேன். சூசையின் தாளில் ஒரு கட்டமும் காலியில்லை. எல்லா வரிக்கும் சரி போட்டுக் கையெழுத்திட்டேன்.

விபத்து நடந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. அன்று காலை வாயுவைச் சோதித்துவிட்டுத்தான் கணேசன் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். பத்து மணிக்குத் தேநீர் குடிக்க ஏறி வந்தார். திரும்ப இறங்கும்போது யாரும் மறுபடி சோதிக்கவில்லை. ஏணியில் சிக்குகிறதென்று இடுப்புக் கயிற்றையும் அவர் கழற்றியிருந்தார். காவல் நின்றவர் சூசை. கணேசன் சேற்றைக் கிளறினார், எதையோ சொல்ல வாயைத் திறந்தார், அப்படியே சரிந்தார். சூசை வாக்கி டாக்கியில் கூப்பிட்டார், மணியை அடித்தார். மீட்புக் குழு வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. கணேசனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

நான் அன்று வேறொரு தோட்டத்தில் இருந்தேன். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். விசாரணைக்காகப் பயிற்சிப் பதிவைக் கேட்டார்கள், கோப்பிலிருந்து தேர்ச்சிப் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். கணேசன் தேர்ச்சி, சூசை தேர்ச்சி, தேதி, என் கையெழுத்து. கோப்பு ஒழுங்காக இருந்தது. 'நல்லவேளை' என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, கணேசனின் மனைவி பரமேஸ்வரி என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மிஸ், ஒன்னு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க."

"கேளுங்க பரமேஸ்."

"அவரு காரியத்தன்னிக்கு சூசை அண்ணன் வந்தாரு. என் கால்ல விழப் போனாரு. 'நான் எறங்கணும் தங்கச்சி, அதான் சட்டம். நான் எறங்கல'ன்னு சொல்லி அழுதாரு. அதுக்கப்புறம் எங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல. வேலயயும் விட்டுட்டாரு. சுங்கை செம்பிலாங்ல தங்கச்சி வீட்ல இருந்துகிட்டு பாசிர் பெனம்பாங்ல மீன் பொறுக்குறாராம்." அவர் தம்ளரை மேசைமேல் வைத்தார். "எறங்கணும்னு சட்டம் இருந்துச்சா மிஸ்? இருந்துச்சுன்னா அவரு ஏன் எறங்கல? எங்க வீட்டுக்காரர அப்படியே சாவ விட்டுட்டாரா?"

"இல்ல பரமேஸ்! சட்டம் அப்படி இல்ல. இறங்கவே கூடாதுங்கறதுதான் சட்டம்."

"அப்ப அவரு ஏன் அப்படிச் சொல்லணும்? பொய் சொல்ற மனுஷன் இல்லியே."

எனக்கும் அது புரியவில்லை. சூசைக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறியிருக்கும் என்று நினைத்தேன். பரமேஸுக்குக் காட்டி நம்ப வைக்கலாமென்றுதான் கோப்பை எடுத்தேன். சூசையின் தாளைப் புரட்டினேன். ஏழாவது வரி.

காவல் நிற்பவர் அவரைத் தூக்க உள்ளே இறங்க, அதன்பிறகு நான்கு கட்டங்கள். நான்கிலும் நீல மையில், ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல அழுத்தி எழுதியிருந்தார்: வே, ண், டு, ம். பக்கத்தில் சிவப்பு மையில் என்னுடைய சரி.

விரல்விட்டு எண்ணினேன். 'இறங்கக் கூடாது' என்பதில் நிரல் எடுத்தவை க், கூ, டா, து. நான்கு எழுத்துகள். 'வேண்டும்' என்பதும் நான்கு எழுத்துகள். இடைவெளியை நான் மறைத்திருந்ததால் இரண்டும் அச்சாகப் பொருந்தின. மலாய் மொழியில் 'ஜாங்கான்', அதாவது 'செய்யாதே', என்று தடை முன்னாலேயே வந்துவிடும். நம் மொழியில் செய்யச் சொல்கிறார்களா, செய்யாதே என்கிறார்களா என்பது வரியின் கடைசியில்தான் தெரியும். அந்தக் கடைசியைத்தான் என் நிரல் தேடித் தேடி அழித்திருக்கிறது.

"என்ன மிஸ்?" என்றார் பரமேஸ்.

நான் அவரிடம் தாளைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் வாசித்தார். "இது நீங்க போட்ட சரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

அப்போதுதான் அடுத்தது உறைத்தது. சூசைக்கு விழுந்த ஓட்டை வேறு யாருக்கெல்லாம் விழுந்தது? மீதித் தாள்களை மேசையில் பரப்பினேன். பரமேஸ் எழுந்து வந்து ஏழாவது வரியைப் பார்ப்பதில் எனக்கு உதவினார். அந்த நாலு எழுத்தும் ஐந்து தாள்களில் அழிந்திருந்தன. மூன்று பேர் சரியாக எழுதியிருந்தார்கள். நான்காவது சூசை. ஐந்தாவது தாளில் சேகர் என்று ஒருவர், அவரும் 'வேண்டும்' என்றே எழுதியிருந்தார். அதற்கும் என் சரி.

சேகர் இரண்டு மாதத்துக்கு முன்னால் பத்தாங் காலிப் பக்கம் இருந்த எங்கள் இன்னோர் ஆலைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்த ஆலையின் சூப்பர்வைசரை அழைத்தேன்.

"சேகர் எங்க இருக்கார்?"

"டேங்க் மேல மிஸ். இன்னிக்கு டேங்க் கழுவுறோம்லா. அவன்தான் காவல்."

"உள்ளே ஆள் இருக்கா?"

"இருக்கான். எறங்கி பத்து நிமிஷம் ஆச்சு."

"ஆள மேல ஏத்துங்க. இப்பவே."

"ஏன் மிஸ்? கேஸ் பாத்தாச்சு, பெர்மிட் எல்லாம் கிளியர்."

"காவல் நிக்கறவருக்கு விதி தப்பாத் தெரியும். என்னோட தப்பு. அப்புறம் சொல்றேன், முதல்ல ஏத்துங்க."

அவர் தயங்கினார். அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. ஆலை வேலையை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. நான் பயிற்சி அதிகாரி, அவ்வளவுதான். "மேனேஜர் சொல்லணுமே மிஸ்" என்றார்.

மேலாளரை அழைத்து, விளக்கி, அவர் ஒரு கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லி, அவர் திரும்ப ஆலைக்கு அழைத்து... எத்தனை நிமிஷம் ஆகும் என்று என் மனம் கணக்குப் போட்டது. இரண்டு மூச்சு போதும் என்று வகுப்பில் சொன்னவள் நான்தான்.

"மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். எதுவா இருந்தாலும் என் பேர்ல எழுதுங்க. நான் லைன்லயே இருக்கேன். ஆள் மேல வந்தப்புறம் சொல்லுங்க."

தொலைபேசியை அவர் கையில் பிடித்துக்கொண்டே நடப்பது கேட்டது. இயந்திரச் சத்தம். யாரோ யாரையோ கூப்பிடுவது. பரமேஸ் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சூப்பர்வைசரின் குரல்: "ஏறிட்டான் மிஸ். நல்லாத்தான் இருக்கான்."

சேகரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். "சேகர், உள்ள இருக்கறவர் விழுந்துட்டா நீங்க என்ன செய்யணும்?"

"எறங்கித் தூக்கணும் மிஸ்." அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தாள்லயே அப்படித்தானே இருந்துச்சு. நான் மறக்கல மிஸ்."

ஆமாம், அவர் மறக்கவில்லை. ஆட்களுக்கு விதி மனத்தில் தங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். தங்கியிருந்தது.

அன்று தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை. வாயுவும் எழும்பவில்லை, யாரும் மயங்கவும் இல்லை. ஒன்றும் ஆகாததால், நான் கூச்சல் போட்டு வேலையை நிறுத்தியது தேவைதானா என்று பிறகு கேட்டவர்களும் உண்டு. ஒரு விஷயத்தில் பயந்து நிறுத்திவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காமல் போனால் நீங்கள் முட்டாளாகத் தெரிவீர்கள். அந்த அவமானத்துக்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் கணேசன் வேலை செய்த ஆலையின் மேலாளரிடம் இரண்டு தாள்களையும் கொண்டுபோனேன். நல்ல மனிதர். கணேசன் இறந்தபோது மருத்துவமனை வாசலிலேயே நாள் முழுக்க நின்றவர். தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ், நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. கணேசன் செத்ததுக்கு இந்தத் தாள் காரணமில்ல. சூசை எறங்கவே இல்லியே. தப்பான விதியை அவர் செய்யவும் இல்ல. எல்லாருக்கும் மறுபடி பயிற்சி குடுங்க, போதும். விசாரணைல இத எதுக்கு நீங்களா போய்க் குடுக்கணும்? ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தான் இருக்கு உங்களுக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சிரமம். பொய்யான யோசனையை மறுப்பது சுலபம். முக்கால்வாசி உண்மையும் நம்மீது அக்கறையும் கலந்து வருகிற யோசனையை மறுக்கத்தான் நேரம் பிடிக்கிறது. வெளியே வந்து எடைப் பாலத்தின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். பழம் ஏற்றிய லோரிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. என் தாள் ஒருவரையும் கொல்லவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒரு மனிதர் தான் கொலைகாரன் என்று நம்பிக்கொண்டு மீன் பொறுக்கிக்கொண்டிருக்கிறார், ஒரு பெண் தன் கணவனைக் கூட்டாளியே சாகவிட்டதாக நினைத்து மூன்று மாதம் தூங்காமல் கிடந்திருக்கிறார். கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் விட்டால், அவர்கள் இரண்டு பேரும் நம்புகிற பொய் உண்மையாகிவிடும்.

உள்ளே போய், கொடுக்கத்தான் போகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சுவிட்டு, "அப்ப நானே கூட வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை பரமேஸையும் அழைத்துக்கொண்டு பாசிர் பெனம்பாங் மீன்பிடித் துறைக்குப் போனேன். நான் வரச் சொல்லவில்லை. அவராகவே, "நானும் வர்றேன் மிஸ். நீங்க மட்டும் போய்ச் சொன்னா அவரு நம்ப மாட்டாரு" என்றார். மீன் கொட்டகையின் ஓரத்தில் சூசை உட்கார்ந்திருந்தார். படகிலிருந்து வந்த மீனைச் சின்னது பெரியது என்று கூடைகளில் பிரித்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என் பின்னால் பரமேஸைப் பார்த்ததும் எழுந்து, போக வழி தேடுவது போல இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அண்ணே, உக்காருங்க" என்றார் பரமேஸ்.

தாளை அவரிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அழிந்த எழுத்துகள் எவை, அங்கே என்ன இருந்திருக்க வேண்டும், நான் வாசிக்காமல் சரி போட்டது எல்லாவற்றையும். அவர் கையில் இருந்த மீன் செதிள் தாளில் ஒட்டியது. அதைத் துடைக்கப் பார்த்தார், இன்னும் பரவியது.

"அப்ப எறங்கக் கூடாதா மிஸ்?"

"கூடாது சூசை. நீங்க வாக்கி டாக்கில கூப்பிட்டீங்க, மணி அடிச்சீங்க. அதான் விதி. நீங்க செஞ்சது அத்தனையும் சரி. தப்பு என்னோடது."

அவர் தாளை என்னிடமே நீட்டினார். பிறகு சொன்னார்: "ஆனா நான் விதிக்காக நிக்கல மிஸ். எறங்கணும்னுதான் நெனச்சேன். ஒரு கால ஏணில வெச்சுட்டேன். அவன் கெடந்த கெடய பாத்தேன். பயம் வந்துருச்சு. பயந்துதான் நின்னேன். அது விதியில்லியே."

"எனக்குத் தெரியல சூசை" என்றுதான் சொன்னேன். நான் அழித்த எழுத்துகளை என்னால் திருப்பிப் போட முடிந்தது. அவர் மனத்தில் கிடந்தது அதற்கும் கீழே இருந்தது.

பதில் சொன்னவர் பரமேஸ். "பயந்தீங்கள்ல, அதுக்குச் சாமிக்கு நன்றி சொல்லுங்கண்ணே. ஏணில வெச்ச கால எடுக்காம இருந்தா உங்க ஊட்லயும் ஒருத்தி என்ன மாதிரி உக்காந்திருப்பா. எங்கூட்டுக்காரருக்கு அது புடிச்சிருக்குமா?" அவர் அழவில்லை. சூசைதான் அழுதார். கொட்டகை முதலாளியான சீனப் பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூன்று நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்.

விசாரணை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். தேநீருக்குப் பிறகு வாயுவைச் சோதிக்காததும் கயிற்றைக் கழற்றியதும்தான் மரணத்துக்குக் காரணங்கள் என்று எழுதினார்கள். என் தாளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம். நான் கையெழுத்திட்ட தேர்ச்சிகள் அத்தனையும் ரத்தாகி, எல்லோருக்கும் முதலிலிருந்து பயிற்சி கொடுத்தேன். அந்தப் பட்டியலை அப்போதுதான் எழுதினேன். நிரல் இனி மறுப்புச் சொற்களைத் தொடாது, சொல் இடைவெளியை மறைக்காது. ஒரு கட்டத்தில் இரண்டு விதமாக எழுத இடமிருந்தால் அந்த வரியையே விட்டுவிடும். ஓட்டையில் ஓர் ஆள் எழுதுவது நாம் சொன்னதை இல்லை. அவர் மனத்தில் ஏற்கெனவே இருப்பதை. கூட்டாளி விழுந்தால் இறங்கித் தூக்க வேண்டும் என்பது நல்ல மனிதர்களின் மனத்தில் இருக்கிறது. நாம் சொல்லிக் கொடுப்பது அதற்கு எதிரானது. அதனால்தான் அந்தச் சொல் முழுதாகத் தாளில் நிற்க வேண்டும். அதனால்தான், எத்தனை தாள் இருந்தாலும், நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காமல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டும்.

மறுபயிற்சியின் முதல் வகுப்புக்கு வர முடியுமா என்று சூசையைக் கேட்டிருந்தேன். வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை வந்து, கடைசி வரிசையில் நின்றார். அவர் ஆலைக்குத் திரும்பப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் விதிகளைச் சொல்லி முடித்ததும் அவரைக் கூப்பிட்டேன். முன்னால் வந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, நடந்ததைச் சொன்னார். ஏணியில் வைத்த காலைப் பற்றியும் சொன்னார். பயத்தையும் மறைக்கவில்லை.

சேகர் முன் வரிசையில் இருந்தார். அவர்தான் கேட்டார்: "அண்ணே, கூட்டாளி கண்ணு முன்னால கெடக்கறப்ப எப்படிண்ணே சும்மா நிக்கறது?"

"சும்மா நிக்க முடியாது தம்பி." சூசை கையை ஓங்கி மணி அடிப்பது போலக் காட்டினார். "கத்து. வாக்கி டாக்கில கத்து. மணிய அடி, கை வலிக்க அடி. வாய்க்கு வேல குடு, கைக்கு வேல குடு. காலுக்கு மட்டும் குடுக்காத."

நான் தாள்களைக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் வரிசை முடிந்து திரும்பியபோது சூசை என் பக்கம் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒன்னு குடுங்க மிஸ். நான் இன்னும் பாஸாகலியே."

சேகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் எழுதினார். அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். பிறகு இன்னொரு முறை வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்திட்டு அவரிடமே கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் பிடிக்கப் போனார்.